நாலே நாலு இறால்

“நாலே நாலு இறால்தான், தாயே!” என்று தியாகு சொன்னது மாரியம்மனிடம் மட்டும்தான். கேட்டதென்னவோ காஜா பெராங் வட்டாரம் முழுவதும்.

தப்பு மைக்கினுடையது அல்ல. மைக் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அணைத்திருக்க வேண்டியவன் அணைக்கவில்லை. ‘தியாகு சவுண்ட்’ என்று பெட்டியின் மேல் சிவப்புச் சாயத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஆறு வருஷமாக மலாக்கா பட்டணத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் கட்டுகிறவன் அவன். அந்த 1957ஆம் வருஷம் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆகஸ்டில் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்று தேதி குறித்தாகிவிட்டதால் பேசத் தெரிந்தவர்களெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள்; தெரியாதவர்கள் அவர்களைவிட அதிக நேரம் பேசினார்கள். அத்தனை பேருக்கும் குரலைப் பெரிதாக்கிக் கொடுத்த தியாகுவின் சொந்தக் குரல், ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்பதைத் தாண்டி ஒருநாளும் ஒலிபெருக்கிக்குள் போனதில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை போனது. போனதும் அரைகுறையாகப் போகவில்லை.

மே மாதத் திருவிழாவின் கடைசி நாள். காலை பத்து மணி. குருக்கள் குளிக்கப் போயிருந்தார். கம்பத்து ஜனங்கள், அதாவது அந்தக் குடியிருப்புக்காரர்கள், பால்குடம் எடுக்கத் தயாராக வீடுகளுக்குப் போயிருந்தார்கள். கோயிலில் ஈ காக்காய் இல்லை. மந்திரம் சொல்வதற்காகச் சந்நிதி வாசலில் நிறுத்தி வைத்திருந்த மைக்குக்கு நேராக வந்து நின்று, தியாகு கைகூப்பிக் கண்ணை மூடினான். பாட்டுத்தட்டு முடிந்து ஊசியைத் தூக்கி வைத்தாகிவிட்டது. மைக் செட் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. அந்த விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதுதான் அவன் செய்த புத்திசாலித்தனம்.

ஒலிபெருக்கிக் குழாய் மூன்று. ஒன்று கோயில் வாசலில், ஒன்று தென்னை மரத்தில், ஒன்று முச்சந்தியில் அப்துல் கய்யூம் மளிகைக்கடைக் கூரையில். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “நீதான் ஒரு வழி சொல்லணும், தாயே” என்று மூக்கை உறிஞ்சியபோது, தென்னை மரமும் மூக்கை உறிஞ்சியது. தியாகு கண்ணைத் திறந்தான். கொஞ்ச நேரம் அம்மனைப் பார்த்தான். பிறகுதான் மைக்கைப் பார்த்தான்.

விஷயம் இதுதான்.

தியாகு குடியிருந்தது அங்கேயுள்ள கம்போங் செட்டியில், சிவகாமசுந்தரி என்கிற மாக் சுந்தரியின் வீட்டுப் பக்கத்து அறையில். மாக் என்றால் அங்கே அம்மா. செட்டி ஜனங்கள் எப்போதோ கப்பலேறி வந்த தமிழ் வியாபாரிகளின் வம்சம். பொட்டு வைப்பார்கள், விபூதி பூசுவார்கள், மாரியம்மனுக்கு அலகு குத்துவார்கள். தமிழ் மட்டும் வராது. தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பேச்சு மலாய்தான். மாக் சுந்தரி தன் கம்பத்து மலாயில் பேசுவாள், தியாகு தன் சந்தை மலாயில் பதில் சொல்வான். இருவரும் பேசியதை இங்கே தமிழில் சொன்னால் தியாகுவின் மலாய்க்கு அது பெரிய உபகாரம்.

மாக் சுந்தரியின் கணவர் சேதுராமன் இறந்து மூன்று வருஷம். வைத்தியர் இறாலை மட்டும் கண்ணில் காட்டாதே என்று சொல்லியிருந்தார். போவதற்கு முதல் நாள் மனுஷர் சம்பல் உடாங் கேட்டார். காரமாக வதக்கிய இறால் அவருக்கு உயிர். “குணமாகட்டும், ஆக்கிப் போடுறேன்” என்று மாக் மறுத்துவிட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான், அப்புறம் திருப்பவே இல்லை. அன்றிலிருந்து மாக் இறாலை வாயில் வைத்ததில்லை. வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு நிறம் உடுத்தியதில்லை. அவர் கோபமாகவே போய்விட்டார் என்பது அவள் கணக்கு.

போகியன்று செட்டி வீடுகளில் பார்ச்சு வைப்பார்கள். முன்னோருக்குப் படையல். இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலை வாழையிலையாகப் பரப்பி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்பார்கள். உள்ளே முன்னோர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், உயிரோடிருக்கிறவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்புறம் குடும்பத்து ஆண்பிள்ளை கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார். மாக் வருஷா வருஷம் சேதுராமன் இலையில் சம்பல் உடாங் வைத்தாள். வருஷா வருஷம் வைத்தது வைத்தபடியே இருந்தது. முன்னோர் வாசனையைத்தான் சாப்பிடுவார்கள் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். அவள் மனசு மட்டும் சமாதானமாகவில்லை.

இந்த வருஷத்துப் போகியன்று தியாகு அலோர் காஜாவில் இருப்பதாகத்தான் ஏற்பாடு. அங்கே கூட்டம் ரத்தாகிவிட்டது. பொட்டல் வெயிலில் பெட்டியைச் சுமந்துகொண்டு பசியோடு திரும்பி வந்தவன், எல்லாரும் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் வாசல் வழியாகவே வந்து, தன் அறையில் படுத்துத் தூங்கிப்போனான். அவனை எழுப்பியது மனுஷக் குரல் அல்ல, சம்பல் வாசனை. கூடத்துக்கு வந்தான். சாம்பிராணிப் புகை. ஆறு இலை. யாருமில்லை. வெளியே மட்டும் பேச்சுக் குரல்.

இங்கே ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான் என்று தியாகுவுக்கு நன்றாகத் தெரியும். நாலு மாசமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். ஆனால் அன்றைக்கு யோசிக்க வேண்டிய தலைக்கும் இறாலை எடுத்த கைக்கும் நடுவே தொடர்பு அறுந்திருந்தது. மைக் செட் பாஷையில் சொன்னால் ஒயர் லூஸ். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வாயில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. தியாகு அடுக்களைக்குப் பாய்ந்தான். வாயையும் விரலையும் துடைக்கக் கைக்கு எட்டிய ஏதோ ஒரு துணி கிடைத்தது, துடைத்தான், ஜன்னலைத் தாண்டிக் குதித்தான். பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டைச் சுற்றி, வெறுங்காலில் கல் குத்தக் குத்த, சந்து வழியாக முன்வாசலுக்கு வந்து, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் மாதிரி, “என்ன, பார்ச்சு முடிஞ்சுதா?” என்று கேட்டான். தனக்குள்ளே இப்படி ஒரு நடிகன் இருந்தானா என்று அவனுக்கே ஆச்சரியம்.

உள்ளே மாக் சுந்தரி சேதுராமனின் இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஆறு இறால் வைத்திருந்தாள். இரண்டு இருந்தது.

மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். அப்புறம் எல்லாரையும் திரும்பிப் பார்த்து, “அவர் வந்தார். வந்து சாப்பிட்டார்” என்றாள். அன்றிரவு மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினாளாம். மறுநாள் காலையில் கம்பம் முழுவதும் சேதி பரவியது. தெங்கேராவிலிருந்து ஒருத்தி அந்த வாழையிலையைப் பார்க்கவே வந்தாள்.

தியாகு அன்றிலிருந்து இறாலைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். சொன்னால் அவள் நிம்மதி போய்விடும். சொல்லாவிட்டால் இவன் நிம்மதி. நாலு மாசம் தராசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அதை உடைத்துப் போட்டது இன்று காலை. மாக் சுந்தரி பச்சைக் கெபாயாச் சட்டை உடுத்தி, மல்லிகை வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். தியாகுவைப் பார்த்துச் சிரித்து, “அவர் கோபம் தீர்ந்துபோச்சே, அதான் பச்சை. ஒரு நல்ல பாட்டாப் போடு” என்றுவிட்டுப் பால்குடம் எடுக்க வீட்டுக்குப் போனாள். பாட்டைப் போட்டான். பாட்டு முடிந்தது. கோயில் காலியாக இருந்தது. நின்று கொட்டித் தீர்த்துவிட்டான்.

ஒன்று விடாமல் சொன்னான் என்று சொல்ல முடியாது. அந்தத் துணியை விட்டுவிட்டான். துணிமணி விவகாரத்தையெல்லாம் அம்மனிடம் கொண்டுபோவானேன் என்று நினைத்தான்.

இப்போது குமிழைத் திருகி அணைத்துவிட்டு, பெட்டி மேல் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தான். சட்டை நனைந்திருந்தது. அப்போதுதான் அவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. நாலு மாசமாக மாரியம்மனுக்கு இதெல்லாம் தெரியும். உலகத்தில் எந்த அடுக்களை ஜன்னல் அவளுக்குத் தெரியாது? தெரிந்திருந்தும் அவன் மூன்று வேளை சாப்பிட்டான், தூங்கினான், மீசைக்கு எண்ணெய் தடவினான். கய்யூம் பாய்க்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு வந்த நிமிஷத்தில்தான் வேர்க்கிறது. ஆக, இத்தனை நாள் அவன் பயந்தது யாருக்கு? “நல்ல பக்தன்டா நீ” என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு எழுந்தான். மைக் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் அதையும் சொன்னான்.

ஒரே ஆறுதல், கம்பத்துக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர் முச்சந்தியில் ஒருவர்தான். நேரே அங்கே போனான்.

கய்யூம் பாய் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர் வம்சம். அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடை அங்கே இருக்கிறது. கொத்தமல்லியை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாய், செட்டு நல்லாக் கேக்குதா?” என்றான் தியாகு, தொழில்முறையாக.

“பிரமாதம் தம்பி. ஒவ்வொரு சொல்லும் கண்ணாடி மாதிரி.”

“எந்தப் பாட்டு நல்லாருந்துச்சு?”

“பாட்டா?” பாய் முறத்தை நிறுத்தாமல் யோசித்தார். “பாட்டு முடிஞ்சு யாரோ பேசின மாதிரி இருந்துச்சு. நான் கொத்தமல்லியில கல்லு பொறுக்கிட்டிருந்தேன். சரியாக் கவனிக்கல.”

“யாரு பேசினா?”

“எனக்கென்ன தம்பி தெரியும்? தெரிஞ்சவன் மேல இருக்கான்” என்று விரலை உயர்த்தினார். தியாகு அண்ணாந்து பார்த்தான். மேலே அவனுடைய ஒலிபெருக்கிக் குழாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“பாய், நேராச் சொல்லுங்க. கேட்டுச்சா இல்லியா?”

“வீட்ல இன்னிக்கு இறால் ஆணம் வச்சிருக்காங்க. ஒங்களுக்கு ஒத்துக்குமா? அடடா, நீங்க திருவிழா வெரதமில்ல! மறந்துட்டேன்.” பாய் மறுபடி கொத்தமல்லிக்குள் குனிந்துகொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

திரும்பி நடக்கும்போது எதிரே மாக் சுந்தரியின் தம்பி ராஜரத்தினம் வந்தார். கோயில் கமிட்டிக்காரர். போகியன்று கதவைத் தட்டியவரும் அவர்தான். பத்து வருஷமாக அலகுக் காவடி எடுத்து எடுத்துத் தோள் இரண்டும் தேக்குக் கட்டை. அவரைப் பார்த்ததும் தியாகுவின் கால் தானாகவே சந்துப் பக்கம் திரும்பியது.

“எங்கே ஓடுறே? நல்லாப் பேசினே காலையில!” என்றார் மலாயில்.

“நீங்க... கேட்டீங்களா?”

“கேட்டேன். எனக்கெங்கே தமிழ் தெரியும்? ஒரு வார்த்தை புரியல.”

தியாகுவுக்கு உயிர் வந்தது.

“மாக் சுந்தரி, பார்ச்சு, சம்பல் உடாங்” என்று ராஜரத்தினம் மூன்று விரலை மடக்கினார். “இந்த மூணைத் தவிர ஒரு வார்த்தை புரியல.”

வந்த உயிர் அப்படியே திரும்பிப் போயிற்று. மலாக்காத் தமிழன் பேசும் தமிழில் முக்கியமான சொல்லெல்லாம் மலாயாக இருக்கும் என்பது நல்லதா கெட்டதா என்று அவன் அதுவரை யோசித்ததில்லை.

“அது வந்து அண்ணே... அக்காகிட்ட ஏதாச்சும் சொன்னீங்களா?”

“பால்குடத்துக்கு நேரமாச்சு” என்று வானத்தைப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். அடிக்கவும் இல்லை, அடிக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. இது என்ன அநியாயம், ஊரில் ஒருத்தராவது நேராக ஒரு பதில் சொல்ல மாட்டார்களா என்று தியாகுவுக்கு அழுகை முட்டியது. மாரியம்மனாவது கல். கல்லுக்கு ஒரு நியாயம் உண்டு. இவர்களுக்கு என்ன வந்தது?

அதோடு முடிவு செய்துவிட்டான். கய்யூம் பாய் கடையிலிருந்து சேதி கொத்தமல்லியோடு பொட்டலம் கட்டி மாக் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், தானே போய்ச் சொல்லிவிட வேண்டும். அவள் நிம்மதியைக் கெடுக்கப்போகிறவன் அவன்தான் என்றால், அந்தக் கெட்ட பெயராவது அவனிடமே இருக்கட்டும்.

மாக் சுந்தரி கூடத்தில் உட்கார்ந்து பால்குடத்தின் கழுத்தில் வேப்பிலை சுற்றிக்கொண்டிருந்தாள். பச்சைக் கெபாயாவில் பத்து வயசு குறைந்திருந்தாள். தியாகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சேதுராமனின் இலை போட்டிருந்த அதே இடத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“மாக். காலையில ஸ்பீக்கர்ல ஒரு பேச்சு வந்துச்சே.”

“வந்துச்சு.”

“புரிஞ்சுதா?”

“எனக்கு ஏது தமிழ்?” என்றாள். வேப்பிலை ஒரு சுற்றுச் சுற்றியது.

“அப்போ நான் மலாயில சொல்றேன்.”

சொன்னான். சந்தை மலாயில் மீன் வாங்கலாம், பஸ் பிடிக்கலாம், கட்சிக்காரரோடு சண்டை போடலாம். பாவத்தைச் சொல்ல அதில் சொல் கிடைப்பது கஷ்டம். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினான். நாலு விரலைக் காட்டினான். ஜன்னலைக் காட்டினான். “அன்னிக்கு வந்தது அவர் இல்ல மாக். நான். தின்னது நான். நீங்க அவர் கோபம் தீந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. என்னாலதான். மன்னிச்சிடுங்க, இல்ல, ராஜரத்தினம் அண்ணனைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க.”

மாக் வேப்பிலையைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு நாங்க எல்லாரும் வாசல்ல நின்னோமே, எவ்வளவு நேரம் இருக்கும்?”

“ஒரு கால் மணி நேரம்.”

“அந்தக் கால் மணி நேரமும் நான் என்னத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன் தெரியுமா? ஒன் செருப்பை. எங்க செருப்பு வரிசையில கடைசியா, குதிகால் தேஞ்ச செருப்பு. உள்ளே ஆள் இருக்கான்னு எனக்கும் தெரியும், என் தம்பிக்கும் தெரியும். அப்புறம் நீ சந்துலேர்ந்து வெறுங்காலோட வந்து, ‘பார்ச்சு முடிஞ்சுதா’ன்னு கேட்டே. பஸ்ஸுல வந்த ஆளு! காலெல்லாம் கோழிப் பீ.”

தியாகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். குதிகால் தேய்ந்த செருப்பு இப்போதும் அங்கேதான் கிடந்தது. ஆளைக் காட்டிக்கொடுத்த சாட்சியை நாலு மாசமாகக் காலில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் நடந்திருக்கிறான்.

“அப்போ ஏன் மாக், அவர் வந்தாருன்னு சொன்னீங்க?”

“வேற என்ன சொல்றது? என் தம்பி தோளைப் பாத்தியா? முன்னோர் சோத்துல கை வச்சவனை அவன் சும்மா விடுவானா? ஒன் எலும்பை மிச்சம் பண்ணத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். நானே அவர் வந்தாருன்னு சொன்னப்புறம் அவன் ஒன்மேல கை வைக்க முடியுமா? சாமி படத்துக்கு முன்னாலேயே சொன்னேன். அவங்களுக்கு எல்லாம் தெரியும், பாத்துக்குவாங்கன்னுதான்.”

அவள் குரல் இறங்கியது.

“சொல்லிட்டுப் போய்ப் படுத்தேன். படுத்துக்கிட்டு யோசிச்சேன். மூணு வருஷமா கதவைத் தொறக்குறோம். மூணு வருஷமா எலை நெறஞ்சு கெடக்கு. பசிச்ச மனுஷன் ஒருத்தனுக்கு எறால் இல்லைன்னு சொன்னவ நான். அன்னிக்குக் கதவைத் தொறந்தா, பசிச்ச மனுஷன் ஒருத்தன் என் வீட்டு எறாலைத் தின்னிருக்கான். நான் ஆக்கினதை, ருசிச்சு, தலையைக்கூட விடாம. அவர் நேரா வந்தா என்ன, பக்கத்து அறையில தூங்கினவனை எழுப்பி அனுப்பினா என்ன? அனுப்பினது யாருன்னு அனுப்பினவருக்குத் தெரியும். நல்லாத் தூக்கம் வந்துச்சு. அதுக்குத்தான் பச்சை. ஒன் பொய்யை நம்பிக் கட்டல.”

ஆறு வருஷமாக மற்றவர்கள் குரலைப் பெரிதாக்கியே பழகியவனுக்கு, இவ்வளவு சின்னக் குரலில் சொன்னது இவ்வளவு தூரம் உள்ளே போய்ச் சேரும் என்று தெரியாது. தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டான். மனசு காலியான பாத்திரம் மாதிரி லேசாக இருந்தது. தெருவில் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாக் பால்குடத்தைத் தூக்கப் போனாள். அவன் எழுந்து உதவிக்குக் கை கொடுத்தான்.

ஆனாலும் இன்னொன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. காலையிலிருந்து ஊரெல்லாம் அதைத்தான் கேட்டு அலைந்தான்.

“மாக், ஒண்ணே ஒண்ணு. நேராச் சொல்லுங்க. எம்மேல கோபம் இருந்துச்சா, இல்லியா?”

மாக் சுந்தரி குடத்தைத் தலையில் வைத்து நிமிர்ந்தாள். அடுக்களை ஜன்னலில் தொங்கிய வெள்ளை லேஸ் திரையை முகவாயால் காட்டினாள். அதன் ஓரத்தில், நாலு விரல் அகலத்துக்கு, மங்கலாக ஒரு சிவப்பு இருந்தது.

“இருந்துச்சு. இன்னும் இருக்கு. எறாலுக்கு இல்ல, என் திரையில கை தொடைச்சே பாரு, அதுக்கு. நாலு மாசமா சவுக்காரம் போட்டுத் தேய்க்கிறேன், போக மாட்டேங்குது.”